எது பெரிய மீன்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

பெரியதைக் காண வேண்டும் என்ற ஆசை மனிதனோடு உடன்பிறந்தது போலும்! உயர்ந்த மலை எது, நீண்ட ஆறு எது, பெரிய விலங்கு எது என்று பள்ளி நாளிலிருந்தே நாம் மனப்பாடம் செய்து வருகிறோம். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆகவேதான் எங்கள் துறையின் விலங்கியல் மன்றத்தில் இவ்வாண்டு ஆளுக்கொரு தலைப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று அறிவித்தபோது, சற்றும் யோசிக்காமல் "உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை இதுவரை என் வகுப்புத் தோழியரிடம்கூடச் சொன்னதில்லை. என் தந்தை மீன் பிடிப்பவர். மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பரிசல் போட்டு, மாலையில் வலை விட்டு, விடியலில் எடுப்பவர். அவர் மூன்றாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டார். என் தாயாருக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். எங்கள் உறவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சேர்ந்த புதிதில், "அப்பா என்ன செய்கிறார்?" என்று யார் கேட்டாலும், "சொந்தத் தொழில்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். பரிசலும் சொந்தம், வலையும் சொந்தம். ஆகையால் அது பொய்யல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மீனைப் பற்றி மேடையேறிப் பேசினால், எனக்குத் தெரிந்த ஒன்றை யாருக்கும் தெரியாமலே பயன்படுத்திக்கொள்ளலாம் அல்லவா?

தலைப்பை எழுதிக் கொடுப்பது எளிது. பிறகுதான் தொல்லை தொடங்கியது. எது பெரியது என்று கேட்டால், விடை சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் குறுக்கே வந்து நிற்கின்றன.

முதல் கேள்வி: எது நன்னீர் மீன்? ஆற்றில் பிடிபட்டது எல்லாம் நன்னீர் மீன் என்றால் போட்டியே இல்லை. பெலுகா ஸ்டர்ஜன் வென்றுவிடும். காஸ்பியன் கடலும் கருங்கடலும் அதன் இருப்பிடம். முட்டையிட மட்டும் ஆறுகளில் ஏறும். அதன் சினையைத்தான் கேவியர் என்று பொன் விலைக்கு விற்கிறார்கள். 1827ஆம் ஆண்டில் வோல்கா ஆற்றின் முகத்துவாரத்தில் பிடிபட்டதாகப் பதிவாகியுள்ள ஒரு பெலுகாவின் எடை 1,571 கிலோ! ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலில் கழிக்கும் மீனை ஆற்று மீன் என்று எப்படிச் சொல்வது? ஆகவே, வாழ்நாள் முழுவதையும் நன்னீரில் கழிக்கும் மீன்களை மட்டுமே அறிஞர்கள் இந்தப் போட்டியில் சேர்க்கிறார்கள். நானும் பெலுகாவை அடித்துவிட்டேன்.

இரண்டாம் கேள்வி: நீளமா, எடையா? திருக்கையின் நீளத்தில் பாதிக்கு மேல் சாட்டை போன்ற வாலாகவே இருக்கும். கெளுத்திக்கோ உடம்பே பெருத்தது. நீளத்தை வைத்து இவ்விரண்டையும் ஒப்பிடுவது, பனைமரத்தையும் ஆலமரத்தையும் உயரத்தால் ஒப்பிடுவது போல ஆகும். எடைதான் நியாயம்.

மூன்றாம் கேள்விதான் கடினமானது: எடை போட்டார்களா, சொன்னார்களா? மீன்பிடிக்கும் ஊரில் பிறந்தவள் ஆகையால் இதன் அருமை எனக்குத் தெரியும். எங்கள் துறையில் வலையிலிருந்து தப்பிப்போன மீன் ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது! உலகம் முழுவதும் அப்படித்தான் போலிருக்கிறது. சீனத்து யாங்சி ஆற்றில் துடுப்பு போன்ற நீண்ட மூக்குடன் ஒரு மீன் இருந்தது. அங்குள்ளோர் அதை யானைமீன் என்றே அழைத்தார்கள். ஏழு மீட்டர் நீளம் வளரும் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. ஆனால் முறையாக அளந்து எழுதிய கணக்கு அந்த அளவுக்குக் கிடையாது. தென் அமெரிக்காவின் அமேசானில் வாழும் அரபைமா மூன்று மீட்டர் வரை வளரும். 200 கிலோ தொடும். ஐரோப்பாவின் வெல்ஸ் கெளுத்தி ஒன்று 2023 மே மாதம் இத்தாலியின் போ ஆற்றில் தூண்டிலில் சிக்கியது. 2.85 மீட்டர் நீளம்! ஆனால் மீனுக்குத் துன்பம் வேண்டாம் என்று எடை போடாமலே விட்டுவிட்டார்கள். என் அட்டவணையில் அதன் எடைக் கட்டம் வெறுமையாக நின்றது.

இப்படிக் கழித்துக் கழித்துப் பார்த்தால், தராசில் ஏறிய இரண்டு மீன்கள் முன்னே வந்து நிற்கின்றன. இரண்டும் மீகாங் ஆற்றின் பிள்ளைகள். சீனா, மியன்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று ஆறு நாடுகளைத் தொட்டு ஓடும் ஆறு அது.

முதலாவது, 2005 மே மாதம் தாய்லாந்தின் வடக்கே சியாங் கோங் என்ற ஊரில் பிடிபட்ட மீகாங் பெருங்கெளுத்தி. நீளம் 2.7 மீட்டர், எடை 293 கிலோ. இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, வளர்ந்த பிறகு வாயில் பல்லே இல்லாமல் பாசியைத் தின்று வாழும் சாதுவான மீன் இது.

இரண்டாவது, 2022 ஜூன் 13ஆம் நாள் இரவு கம்போடியாவின் வடக்கே ஸ்டுங் திரெங் மாகாணத்தில் ஒரு மீனவரிடம் சிக்கிய நன்னீர்த் திருக்கை. வாலோடு சேர்த்து 3.98 மீட்டர், அகலம் 2.2 மீட்டர். எங்கள் பரிசலின் வட்டம் ஏறத்தாழ அவ்வளவுதான்! எடை 300 கிலோ. கின்னஸ் பதிவேடு இதையே மிகப் பெரிய நன்னீர் மீன் என்று ஏற்றுக்கொண்டது.

முந்நூறுக்கும் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றுக்கும் வேறுபாடு ஏழு கிலோ. எங்கள் துறையில் ஒரு நல்ல கட்லாவின் எடை! உலகின் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே ஒரு கட்லா நீந்துகிறது என்று என் உரையில் எழுதி, அதை நானே இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த அப்பாவிடம் என் அட்டவணையைப் படித்துக் காட்டினேன். அவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். திருக்கை பரிசல் அகலம் என்றதும் மட்டும் தலை நிமிர்ந்தார்.

"முந்நூறு கிலோவா! கரைக்கு இழுக்க எத்தனை ஆளு வந்தாங்க?"

"பத்துப் பன்னிரண்டு பேருங்கப்பா."

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அது சரி கண்ணு, அதுங்களைப் புடிச்சு அப்புறம் என்ன பண்ணுனாங்க?"

என்னிடம் விடை இல்லை. நாடு இருந்தது, ஆண்டு இருந்தது, நீளமும் எடையும் விலங்கியல் பெயரும் இருந்தன. அந்த மீன்கள் என்ன ஆயின என்பதற்கு என் அட்டவணையில் இடமே விடவில்லை. "அதெல்லாம் பேச்சுக்கு வேண்டியதில்லைங்கப்பா" என்றேன். அவர் மறுபடியும் கேட்கவில்லை. வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கல்லூரிக்குத் திரும்பிய பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. துறை நூலகத்திலும் கைபேசியிலும் மறுபடியும் தேடினேன். அட்டவணையில் கடைசியாக ஒரு பத்தியைச் சேர்த்து, அதற்கு "பிறகு" என்று தலைப்பிட்டேன். நண்பர்களே, அந்த ஒரு பத்தியை நிரப்பி முடித்தபோது, நான் எழுதி வைத்திருந்த உரை எனக்கே பிடிக்காமல் போய்விட்டது.

293 கிலோ கெளுத்தியைத் திரும்ப ஆற்றில் விட வேண்டும் என்று அதிகாரிகளும் சூழல் ஆர்வலர்களும் பேசிப் பார்த்தார்களாம். அதற்குள் அது இறந்துவிட்டது. ஊரார் பங்கிட்டு உண்டார்கள். அந்த இனம் அப்போதே, 2003ஆம் ஆண்டிலேயே, மிக அருகிப்போன உயிரினங்களின் பட்டியலில் ஏறியிருந்தது.

யாங்சியின் யானைமீன் என்ன ஆயிற்று? முட்டையிட ஆற்றின் மேல்பகுதிக்கு ஏறிச் செல்வது அதன் வழக்கம். 1981இல் கெழோபா என்ற அணை அந்த வழியை அடைத்தது. வலைகளும் ஓயவில்லை. 2003 சனவரியில் ஒரு மீன் உயிருடன் கிடைத்தது. ஆராய்ச்சியாளர்கள் அதற்குச் சிகிச்சை செய்து, ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்தி ஆற்றில் விட்டார்கள். பின்தொடர்ந்த படகு பழுதுபட, மீனின் ஒலியும் கைவிட்டுப் போயிற்று. அதன் பிறகு அந்த இனத்தை எவரும் கண்டதில்லை. 2022இல் அது அற்றுப்போன இனம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. உலகின் மிக நீண்ட நன்னீர் மீன்களில் ஒன்று, எத்தனை மீட்டர் என்று சரியாக அளக்கப்படாமலே போய்விட்டது!

மனம் சோர்ந்த நேரத்தில்தான் திருக்கையின் கதையைப் படித்தேன். அதைப் பிடித்த மீனவர் அதை வெட்டவில்லை. பெரிய மீன் ஏதும் சிக்கினால் தெரிவிக்குமாறு ஆய்வாளர்கள் முன்பே அந்த ஊராரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். செய்தி கேட்டு அவர்கள் விரைந்து வந்தார்கள். அளந்தார்கள், எடை போட்டார்கள், அது பெண் மீன் என்று கண்டார்கள். வால் அருகே ஒலிக்கருவியைப் பொருத்தித் திரும்பவும் மீகாங்கில் விட்டார்கள். போராமி என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். கெமர் மொழியில் முழுநிலவு என்று பொருள். நம் பௌர்ணமியின் உறவுச் சொல்லே அது.

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு சிறு செய்தி. அந்த மீனவருக்குச் சந்தை விலையாக ஏறத்தாழ 600 டாலர் கொடுத்தார்கள். மீனும் பிழைத்தது, அவருடைய வீட்டு அடுப்பும் எரிந்தது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் இக்கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, இடம் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்த நாளில் வீட்டில் பணம் இல்லை. அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவுதான். ஆனால் விடுதி முன்பணம், பெட்டி, பாய், புத்தகம், பேருந்து என்று கணக்குப் போட்டால் எங்களுக்கு அது மலை. காவிரியில் புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். மூன்றாம் நாள் விடியலில் அப்பாவின் வலையில் ஒரு வாளை விழுந்தது. பதினான்கு கிலோ! எடை போடும் கொட்டகையில் கூட்டம் கூடிவிட்டது. என் தம்பி அதன் பக்கத்தில் படுத்து, யார் நீளம் என்று பார்த்தான். மூவாயிரத்துச் சொச்சம் கைக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் நான் இங்கே வந்தேன்.

வாளையின் வயிறு பருத்திருந்ததை நானும் பார்த்தேன். அப்பா மட்டும் அன்று அதிகம் பேசவில்லை. "சினையோட மாட்டிக்கிச்சு" என்று அம்மாவிடம் ஒரே ஒரு முறை சொன்னார். எனக்கு அது அப்போது காதில் விழுந்ததே தவிர மனத்தில் விழவில்லை. விலங்கியல் படித்த பிறகு தெரிகிறது, அந்த வயிற்றில் இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இருந்திருக்கும். பொங்கலன்று அவர் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தாய்லாந்துக் கிராமத்தாரைக் குறைசொல்லி நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு என்ன உரிமை? சினை வாளையின் விலையில் படிக்க வந்தவள் அல்லவா நான்!

அப்படியானால் மீன் பிடிப்பவர்கள்தான் மீனுக்குப் பகையா? அமேசானில் அதற்கு ஒரு விடை இருக்கிறது. அரபைமா தண்ணீரிலிருந்தே முழு மூச்சையும் எடுத்துக்கொள்ள முடியாத மீன். பத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றைக் குடித்துச் செல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் ஈட்டியால் எறிவது எளிது. ஆகவே பல இடங்களில் அது அரிதாகிவிட்டது. பிரேசிலில் மமிராவா என்ற காப்பகப் பகுதியில் 1999ஆம் ஆண்டு முதல் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். அங்குள்ள மீனவர்களே ஏரிகளைக் காத்து, ஆண்டுதோறும் அரபைமாவை எண்ண வேண்டும். மூச்சு வாங்க மேலே வரும்போது நீர் கலங்கும் விதத்தையும் எழும் ஓசையையும் கொண்டே தேர்ந்த மீனவர்கள் எண்ணிச் சொன்னார்கள். அறிவியல் முறையில் செய்த கணக்கோடு ஒப்பிட்டபோது அவர்களுடைய எண்ணிக்கை வியக்கத்தக்க வகையில் பொருந்தி வந்தது! எண்ணிய பெரிய மீன்களில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் பிடிக்கக் கூடாது; ஒன்றரை மீட்டருக்குக் குறைந்ததைத் தொடக் கூடாது. இவை விதிகள். சில ஆண்டுகளில் அரபைமா பன்மடங்கு பெருகியது. மீனவர்களின் வருவாயும் கூடியது.

இதைப் படித்தபோது நான் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். இருட்டில் தண்ணீர் 'சளக்'கென்று ஒலித்தால், "இது கட்லா, இது வாளை" என்று சொல்லிவிடுவார். அதை நான் இதுவரை ஒரு கல்வியாக எண்ணியதே இல்லை.

மன்றக் கூட்டத்தன்று என் உரையின் தொடக்கத்தை மாற்றினேன். "என் தந்தை மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்பவர்" என்று தொடங்கினேன். குரல் நடுங்கியது; ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, கடைசிப் பத்தியையும் படித்தேன். 30 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய நன்னீர் விலங்குகளின் எண்ணிக்கை 1970க்கும் 2012க்கும் இடையில் நூற்றுக்கு 88 பங்கு குறைந்துவிட்டது என்று உலக அளவிலான ஓர் ஆய்வு 2019இல் வெளியானதையும் சொன்னேன்.

"பெரிய மீன்கள் மட்டும் ஏன் முதலில் அழிகின்றன?" என்று மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் கேட்டார். பெரிதாக வளர நீண்ட காலம் வேண்டும். பெலுகா பெண்மீன் முதன்முதலாகச் சினைப்படவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை அது ஒரு வலையிலும் விழாமல் இருக்க வேண்டும். நீண்ட தூரம் போய்வரத் தடையில்லாத ஆறும் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் முதலில் போவது பெரியதுதான் என்றேன்.

பிறகு எங்கள் பேராசிரியை எழுந்தார். "நம் காவிரியில் இப்படி ஒரு மீன் உண்டா?" என்றார். நல்லவேளையாக அதையும் படித்து வைத்திருந்தேன். காவிரிக்கே உரிய, முதுகு திமில்போல் உயர்ந்த மாசீர் மீன் உண்டு. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ இருந்தது. ஊர் உலகம் அறிந்த இந்த மீனுக்கு உரிய விலங்கியல் பெயர் எது என்பதே 2018இல்தான் உறுதிப்பட்டது. அதே ஆண்டில் அது மிக அருகிப்போன இனம் என்று பட்டியலிலும் ஏறியது. அணைகள், மணல் எடுத்தல், வெடி வைத்து மீன் பிடித்தல், வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விட்ட இன்னொரு மாசீர் இனத்தின் பெருக்கம் என்று காரணங்கள் பல. இன்று நீலகிரிப் பக்கத்து மோயாறு போன்ற ஓரிரு இடங்களில்தான் அது எஞ்சியிருக்கிறது.

பேராசிரியை புன்னகைத்து, "உன் அட்டவணையில் கடைசிப் பத்தியைச் சேர்க்கச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

"எங்கள் அப்பாங்கம்மா" என்றேன்.

"அடுத்த முறை அவரையும் அழைத்து வா. வாளையைப் பற்றி நான் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது" என்றார்.

ஊருக்குப் போனதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெளுத்தியைத் தின்றுவிட்டார்கள், திருக்கையை விட்டுவிட்டார்கள், யானைமீன் இல்லாமலே போய்விட்டது என்று வரிசையாகச் சொன்னேன். அறுநூறு டாலர் கொடுத்ததையும் சொன்னேன். நம் பணத்தில் எவ்வளவு என்று கேட்டார்; அரை இலட்சத்துக்குப் பக்கம் என்றேன். "அப்ப யாருதான் விடமாட்டாங்க" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "சினை நேரத்துல பத்து நாளு வலை போடாம இருந்தா சோத்துக்கு வழி வேணும் கண்ணு. அதுக்கு யாராச்சும் ஒரு வழி சொன்னா, துறையில எல்லாரும் கேப்பாங்க" என்றார்.

நண்பர்களே! உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன் எது என்று கேட்டால் இன்றைய கணக்கில் விடை திருக்கை, 300 கிலோ. தேர்வில் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் மீகாங்கில் ஒரு மீன் மிகப் பெரியதாக இருப்பதற்கு, அதை அந்த அளவுக்கு வளரவிட்ட ஆறு ஒன்று இருந்தது. கடைசியில் அதைத் திரும்ப விட்டுவரும் நிலையில் ஒரு மீனவரும் இருந்தார். அப்படிப்பட்ட நிலை எங்கள் துறைக்கும் வர வேண்டும். அப்பா கேட்ட அந்தப் பத்து நாளுக்கு என்ன வழி என்று எனக்கு இன்னும் தெரியாது. படித்து முடிப்பதற்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்பாக ஒரு சிறு திருத்தத்தை இப்போதே செய்துவிட்டேன். இவ்வாண்டு விடுதிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில், என் கையாலேயே, 'மீனவர்' என்று எழுதினேன்.